கரைந்துபோன கால் எலும்பு



வீட்டில் துணி அளக்கும் நாடா இருக்கிறதா? இருந்தால் எடுத்து வாருங்கள். தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரை உங்கள் காலை அளந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் அடிக்குள் அடங்கிவிடும். அப்பாவின் காலை அளந்தால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வரலாம். அங்கே உள்ளே இருப்பதுதான் கீழ்க்கால் எலும்பு.

இப்போது 2 மீட்டர் நீளமுள்ள ஒரு கீழ்க்கால் எலும்பை நினைத்துப் பாருங்கள். ஆறரை அடி! உங்கள் வகுப்பறைக் கதவின் உயரம் இருக்கும். முழங்காலில் இருந்து கணுக்கால் வரைக்குமே அவ்வளவு என்றால், அந்தப் பிராணி முழுதாக எழுந்து நின்றால் எப்படி இருந்திருக்கும்?

அந்த எலும்பு அமெரிக்காவிலோ சீனாவிலோ கிடைக்கவில்லை. நம் அரியலூர் பக்கத்தில் கல்லமேடு என்ற ஊரில் கிடைத்தது. ஆனால், அதைப் பார்க்க வேண்டும் என்று இன்று நீங்கள் ஆசைப்பட்டால் யாராலும் காட்ட முடியாது. உலகத்தில் எந்த அருங்காட்சியகத்திலும் அது இல்லை. பல கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்த எலும்பு, நம் கைக்கு வந்த பிறகு பொடிப்பொடியாகிப் போய்விட்டது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அரியலூர் என்றவுடன் பெரியவர்களுக்குச் சிமென்ட் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அந்தச் சுண்ணாம்புக்கல் அங்கே எப்படி வந்தது? அரியலூர், பெரம்பலூர் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் கடல்! இன்றைக்கு அரியலூரில் இருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமானால் பஸ்ஸில் சில மணி நேரம் ஆகும். அன்றைக்குக் கடலே அங்கு வந்திருந்தது. ஒருமுறை வந்து போன கடல் அல்ல அது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக உள்ளே வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் செத்துச் செத்து அடியில் படிந்தன. கலியுக வரதராசப் பெருமாள் கோவில் இருக்கிறதே, அந்தக் கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கையளவு பெரிய சிப்பிகளும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன். பாறை அடுக்குகளுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைக்கும்போது, அவை நன்றாகத் தெரியும் ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். அதனால் ஊட்டத்தூர், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு என்று நம் சிற்றூர்களின் பெயர்கள் லண்டனிலும் டோக்கியோவிலும் புவியியல் புத்தகங்களில் அச்சாகி இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? நான் விசாரித்த வரையில் ரொம்பக் குறைவு.

இந்த அடுக்குகளில் கல்லமேடு அடுக்கு மட்டும் தனி ரகம். மற்றவை பெரும்பாலும் கடலில் படிந்தவை. கல்லமேடு அடுக்கோ ஆறும் வெள்ளமும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும். அப்போது கடல் பின்வாங்கி, அந்த இடம் தரையாக இருந்தது. ஆறுகள் ஓடின. கரையில் ஆமைகள், முதலைகள், தவளைகள் இருந்தன. டைனோசர்களும் நடமாடின. காலம், இன்றைக்கு ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு உலகம் முழுவதும் டைனோசர்கள் அழிந்தன என்று படித்திருப்பீர்கள். அந்த அழிவுக்குச் சற்று முந்தைய காலத்து மண் அது. டைனோசர்களின் கடைசிப் பக்கம் எழுதப்பட்ட நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் மேலே மறுபடியும் கடல் வந்து படிந்த நினியூர் அடுக்கு இருக்கிறது. அதில் டைனோசர் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டி இருக்கவில்லை. மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, இந்துமாக் கடலில் ஒரு பெரிய தீவாக வடக்கே நகர்ந்து கொண்டிருந்தது. இமயமலை என்று ஒன்று பிறக்கவே இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் ஆமையைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

இந்தப் பாறைகளை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்து வரைபடம் போட்டவர் ஹென்றி பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். அவரது நூல் 1862-ல் வெளிவந்தது. பின்னாளில் இவர்தான் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர் ஆனார். பாறையில் தொடங்கி மழையில் முடித்தவர்! அடுத்து, சி.ஏ. மேட்லி என்பவர் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகளைத் தேடி, 1929-ல் கட்டுரை எழுதினார்.

இனிதான் நம் எலும்பின் கதை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் கல்லமேட்டில் தோண்டினார்கள். அப்போது அந்த ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. இடுப்பு எலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கால் எலும்பு, வால் எலும்பு ஆகியவை கிடைத்தன. எல்லாம் ராட்சத அளவு. 1987-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பெயர் என்ன தெரியுமா? புருகத்காயோசாரஸ் மேட்லியி. 'பிருகத்' என்றால் பெரிய, 'காயம்' என்றால் உடல். தஞ்சைப் பெரிய கோவில் இறைவனைப் பிருகதீஸ்வரர் என்கிறோமே, அதே 'பிருகத்'தான். பின்னால் இருக்கும் 'மேட்லியி', பழைய மேட்லியின் நினைவாக.

மண்ணில் இருந்து எலும்பை எடுப்பது மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது போல் அல்ல. கை முறிந்தால் வைத்தியசாலையில் மாவுக்கட்டு போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதேபோல் சாக்குத் துணியை மாவுக் கரைசலில் நனைத்து, எலும்பைச் சுற்றி ஒட்டி, காயவைத்து, அந்த உறையோடு அப்படியே தூக்க வேண்டும். கல்லமேட்டு எலும்புகளுக்கும் உறை போட்டார்கள். ஆனால் அவை கல்லாக இறுகிய எலும்புகளாக இருக்கவில்லை. தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன.

ஏன் அப்படி? கோடையில் உங்கள் ஊர் ஏரி வற்றும்போது பாருங்கள். அடியில் உள்ள களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மழை வந்ததும் ஊறி, உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அடுத்த கோடையில் மறுபடியும் வெடிக்கும். இப்படி வருடா வருடம் உப்பிச் சுருங்கும் மண்ணில், மேலாகக் கிடக்கும் எலும்பின் கதி என்ன ஆகும்? இடுக்கில் தண்ணீர் இறங்கும். வேர் நுழையும். விரிசல் விழும். போதாக்குறைக்கு மழைக்கால வெள்ளம் வேறு. அந்த எலும்புகள் உறைக்குள் இருக்கும்போதே, ஆய்வுத் துறையின் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே, பொடியத் தொடங்கிவிட்டன. காப்பாற்ற முடியவில்லை. எலும்புகள் இப்போது இல்லை என்று 2017-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிப்படையாகவே எழுதிவிட்டது.

'எலும்பு போனால் என்ன சார், அதுதான் கட்டுரை இருக்கிறதே!' என்று யாராவது கேட்கலாம். வகுப்பில் இப்படிக் கேட்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதில் சொல்கிறேன்.

1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் இதை மாமிசம் தின்னும் டைனோசர் வகை என்று எழுதினார்கள். அது உண்மையானால் டைரனோசாரஸ் எல்லாம் அதன் முன்னே சின்னப் பையன்! ஆனால் 1990-களில் சங்கர் சாட்டர்ஜி போன்ற அறிஞர்கள், 'இல்லை, இது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் உடைய, இலை தழை தின்னும் வகை' என்றார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். இன்னும் சிலர், அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரத்துண்டாக இருக்கலாம் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 1987 கட்டுரையில் இருந்த படங்கள் அத்தனை தெளிவாக இல்லை. எலும்பு இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். சிறு துண்டை வெட்டிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால் எலும்பா மரமா என்று தெரிந்துவிடுமே!

2022-ல் சவுரவ் பால் என்பவரும் அதே அய்யாசாமியும் சேர்ந்து, தோண்டிய காலத்துப் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். மரத்துண்டு என்ற சந்தேகத்துக்கு அவை பெரும்பாலும் பதில் சொல்லின. 2023-ல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அந்தப் பிராணியின் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டது. கோவில் யானை ஒன்று 4 டன் என்று வைத்துக்கொண்டால், 110 டன் என்பதே 25 யானைகளுக்கு மேல். 170 டன் என்பது நீலத் திமிங்கலத்தோடு போட்டி போடும் எடை. பூமியில் நடந்த பிராணிகளிலேயே மிகப் பெரியது நம் கல்லமேட்டில் வாழ்ந்ததாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். 110-க்கும் 170-க்கும் நடுவே எத்தனை பெரிய இடைவெளி, பார்த்தீர்களா? அளக்க வேண்டிய பொருள் கையில் இல்லாததால் வந்த இடைவெளி அது. அர்ஜென்டினாவில் கிடைத்த ராட்சத டைனோசர்களின் எலும்புகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய் அளந்து சண்டை போடலாம். நம்முடையது படத்தில்தான் இருக்கிறது.

இதே மண்ணில் கிடைத்த ஒரு ஆமையின் கதை வேறு மாதிரி. கல்லமேட்டில் எடுத்த அந்த ஆமை, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2001-ல் அதற்குக் கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். கூர்மாவதாரம் கேள்விப்பட்டிருப்பீர்கள், கூர்மம் என்றால் ஆமை. கல்லமேட்டு ஆமை! அது பத்திரமாக இருப்பதால் மற்ற நாட்டு ஆமைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இதன் நெருங்கிய உறவினர் மடகாஸ்கரில் கிடைத்திருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தவை என்று சொன்னேனே, அதற்கு இந்த ஆமையும் ஒரு சாட்சி.

இன்னொன்று, ஒரு பல். சில மில்லிமீட்டரே உள்ள பல். கல்லமேட்டில் கிடைத்த அது, ட்ரூடான்டிட் என்ற சிறிய டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2013-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதுவரை அந்தக் குடும்பம் வட அமெரிக்கா, ஆசியா போன்ற வடக்கு நிலங்களில்தான் வாழ்ந்தது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். தெற்கே தனித்தீவாகக் கிடந்த இந்தியாவில் அது எப்படி? இந்தக் கேள்வியைக் கிளப்பியது அரிசி மணி அளவுள்ள ஒரு பல். ஆறரை அடி எலும்பால் இன்று நிரூபிக்க முடியாததை, அந்தப் பொடிப் பல் நிமிர்ந்து நின்று பேசுகிறது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, மிஞ்சும் பருக்கையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கித்தான் இப்படிப்பட்டவற்றைத் தேடுவார்கள். அம்மா அரிசியில் கல் பொறுக்குவாரே, அந்தப் பொறுமை வேண்டும்.

ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. 'டைனோசர் முட்டை!' என்று ஊரே கூடிவிட்டது. செல்போனில் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பினார்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல. கடல் அடியில் அம்மோனைட் போன்ற பொருள்களைச் சுற்றிச் சேறு உருண்டு இறுகிய கல் என்றார்கள். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது.

எனக்கு இதில்தான் வருத்தம். அம்மோனைட் என்ன சாமானியமா? சுருட்டிய ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. கணவாய்க்கு உறவு. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் அதுவும் அடியோடு அழிந்தது. சிலர் வீட்டுப் பூசை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பார்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் சுருள் தெரிந்தால், அதுவும் அம்மோனைட்தான். பெரம்பலூர் மேட்டு நிலத்தில் கடல் இருந்ததற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? 'முட்டை இல்லையாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

அதைச் சொல்ல எனக்கு மட்டும் என்ன யோக்கியதை என்று கேட்டால், தலைகுனிய வேண்டியதுதான். 1980-களில் அந்தப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கால்சட்டைப் பை கிழியக் கிழிய ஒரு கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அழகான சுருள். 'சார், எங்க கொல்லையில கெடந்துது' என்றான். 'நல்லா இருக்குடா' என்று சொல்லி, தாள் பறக்காமல் இருக்க அதை வருகைப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டேன். எந்த ஊர்க் கொல்லை, கிணறு வெட்டும்போது கிடைத்ததா, மேலாகக் கிடந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. நான்கைந்து ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. பள்ளிக்கு வெள்ளையடித்த ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு காணோம். கல் போனதுகூடப் பெரிதில்லை. ஊர்ப் பெயரை எழுதி வைத்திருந்தால், அங்கே இன்னும் என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்திருக்கலாம். இடம் தெரியாத கல், முகவரி கிழிந்த கடிதம் மாதிரி.

ஆகவே, உங்கள் கண்ணில் அப்படி ஏதாவது பட்டால், முதலில் அதைத் தோண்டாதீர்கள். குச்சியால் நோண்டாதீர்கள். கழுவவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிச் செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பேனா எதற்கு? படத்தைப் பார்ப்பவருக்கு அளவு தெரிய வேண்டாமா! பிறகு நோட்டில் தேதி, ஊர், யார் நிலம், எவ்வளவு ஆழம் என்று எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ, புவியியல் துறை உள்ள கல்லூரிக்கோ, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ எழுதலாம். நூற்றில் தொண்ணூறு முறை 'வெறும் கல்' என்ற பதில்தான் வரும். வரட்டுமே! கல்குவாரி, ஆழமான பள்ளம், கிணறு பக்கம் மட்டும் இதற்காகத் தனியே போய்விடாதீர்கள். அது கண்டிப்பான பேச்சு.

பெரியவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களைக் காக்கச் சட்ட வரைவு ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022-ல் வெளியிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் பெரம்பலூர் அருகே சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நம் புவியியல் அறிஞர் அடையாளம் காட்டினார். அதைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாத்ததால், இன்றும் நீங்கள் போய்ப் பார்க்க முடிகிறது. ஒரு வேலியும் ஒரு காவலாளும் செய்த வேலை அது. கல்லமேட்டுக்கு அது கிடைக்கவில்லை. அடுத்த விடுமுறையில் அந்தப் பக்கம் போனால், சாத்தனூரையும் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு இப்போது 50 வயது இருக்கலாம். அவன் வீட்டுப் பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ இந்தப் பக்கத்தைப் படித்தால், 'தாத்தா, உங்க கொல்லை எந்த ஊர்ல இருந்துச்சு?' என்று கேட்டு, ஒரு தபால் அட்டையில் எனக்கு எழுதிப் போடுங்கள். கல் இல்லாவிட்டாலும், ஊர்ப் பெயரையாவது நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.